எவ்வளவு நேரம் பிடித்திருந்தது?

“என்னையும் கடிச்சிருக்கு. ஒண்ணும் ஆகலை.” பாம்பைப் பற்றிப் பேச்சு எங்கே எழுந்தாலும் இதைச் சொல்ல ஒருவர் இருப்பார். டீக்கடையில் இருப்பார், கல்யாணப் பந்தியில் இருப்பார், ரயிலில் எதிர் சீட்டில் இருப்பார். சொல்கிற ஆளே உயிரோடு முன்னால் நிற்கும்போது அதற்கு மேல் யார் என்ன வாதாட முடியும்? கொஞ்ச காலமாக இந்த வாக்கியம் என்னைப் படுத்துகிறது. காரணம் என் அக்கா மகன். கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறான். மதுரை நரிமேட்டில் ஒரு மாடிப் போர்ஷன், கீழே வீட்டுக்காரர், மேலே இவர்கள் மூன்று பேர். அந்த வீட்டில் ஹாக்நோஸ் பாம்பு ஒன்று வாங்கி வளர்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். “விஷமா, இல்லையா? அதை மட்டும் சொல்லு” என்று அக்கா என்னிடம் கேட்டாள். நேரான கேள்விதான். ஆனால் பதில் நேராக வரவில்லை.

ஹாக்நோஸ் நம் ஊர்ப் பாம்பில்லை. வட அமெரிக்காவில் இருப்பது. வீட்டில் வளர்ப்பவர்கள் விரும்புவது மேற்கத்திய ஹாக்நோஸ். கனடாவின் தெற்குப் புல்வெளிகளிலிருந்து டெக்சஸ் வரை, மணற்பாங்கான நிலத்தில் வாழ்கிறது. இரண்டடி நீளம் வந்தால் பெரிது. மூக்கின் நுனிச் செதில் மண்வெட்டி மாதிரி மேல்நோக்கி வளைந்திருக்கும். அதை வைத்து மண்ணைக் கிளறித் தேரையைத் தோண்டி எடுத்துத் தின்கிறது. தேரையின் தோலில் இருக்கும் நஞ்சு பல விலங்குகளைப் புரட்டிப் போட்டுவிடும். ஹாக்நோஸின் உடம்பு அதைத் தாங்கும்படி அமைந்திருக்கிறது.

இவன் மயங்கியது அதன் நாடகத்தில். யாராவது கிட்டே போனால் முதலில் கழுத்தைப் பட்டையாக விரிக்கிறது. நம் ஆட்கள் பார்த்தால் நல்ல பாம்பு என்று கம்பைத் தேடுவார்கள். பிறகு புஸ்ஸென்று சீறி, வாயைத் திறக்காமலே முட்டுகிறது. அதற்கும் மசியாவிட்டால் புரண்டு, வயிற்றைக் காட்டி, வாயைப் பிளந்து, நாக்கைத் தொங்கவிட்டு, நாற்றமடிக்கும் கழிவை வெளியேற்றிச் செத்துக் கிடக்கிறது. நாம் இரக்கப்பட்டு நிமிர்த்திப் போட்டால், செத்த பாம்பு மறுபடி தானே புரண்டு மல்லாந்துகொள்ளும்! அந்த வீடியோவை அவன் வீட்டில் எல்லோருக்கும் காட்டியாகிவிட்டது. கார்டன் பர்கார்ட், ஹாரி கிரீன் என்ற இருவர் முட்டையிலிருந்து வந்த குட்டி ஹாக்நோஸ்களை வைத்து ஒரு சோதனை செய்து 1988-இல் எழுதியிருக்கிறார்கள். செத்ததாக நடிக்கும் குட்டியை ஒரு மனிதர் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது எழுந்திருக்கத் தாமதிக்கிறது. பார்வையைத் திருப்பிக்கொண்டால் சீக்கிரம் எழுந்து போகிறது. பிணம் நம் கண்ணைக் கவனித்துக்கொண்டிருக்கிறது. இதைப் படித்த பிறகு எனக்கும் அந்தப் பாம்பின் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். நல்ல பாம்புக்கும் விரியன்களுக்கும் விஷப்பல் வாயின் முன்பக்கம் இருக்கும். உள்ளே துளை ஓடும் பல். ஒரு நொடி பட்டால் போதும், விஷம் அழுத்தத்தோடு உள்ளே இறங்கிவிடும். ஹாக்நோஸுக்கு அப்படியான பல் கிடையாது. மேல்தாடையின் கடைசியில் கொஞ்சம் பெரிதாக இரண்டு பற்கள். கண்ணுக்குப் பின்னால் ஒரு சுரப்பி. அதிலிருந்து ஊறும் நீர் பல் குத்திய இடத்தில் மெதுவாகக் கசிந்து இறங்குகிறது. தேரைக்கு அது விஷம். மனிதனுக்குப் பெரும்பாலும் கொஞ்சம் வீக்கம், சிவப்பு, அரிப்பு. ஹாக்நோஸ் கடித்து யாரும் இறந்ததாகப் பதிவில்லை. ஆகவே “விஷமில்லை” என்று இவன் சொல்வதும் தப்பு, “விஷப்பாம்பு” என்று அக்கா அலறுவதும் தப்பு. இப்படி இரண்டு பக்கத்தையும் தட்டிக்கொடுத்து முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

கொடிக்காலில் கிடைத்த கேள்வி

அந்தச் சமயத்தில் ஒரு விசேஷத்துக்காகச் சோழவந்தான் பக்கம் பெரியப்பா வீட்டுக்குப் போனோம். அவனும் வந்தான். கோச்சடை, மேலக்கால் வழியாகப் போகும் பஸ்ஸில் இடது பக்கம் நாகமலை நீண்டுகொண்டே வரும். சமணர்கள் யாகத்தில் எழுப்பி மதுரையை விழுங்க அனுப்பிய பாம்பு அது, அனந்தகுண பாண்டியனின் அம்பு பட்டு மலையாகக் கிடக்கிறது என்பது திருவிளையாடல் கதை. அதே திருவிளையாடலில் வேறொரு பாம்பு வாலை வாயால் கவ்வி வளைந்து மதுரைக்கு எல்லை காட்டிக் கொடுக்கிறது. ஊரை அழிக்க வந்ததும் பாம்பு, ஊரை அளந்து கொடுத்ததும் பாம்பு. இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் பாம்பு விஷயத்தில் ஒரே மனசு எப்போதும் இருந்ததில்லை.

பெரியப்பா ஆயுசு முழுக்க வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்த்தவர். கொடிக்காலைப் பார்க்காதவர்களுக்கு: அகத்தி மரங்கள் வரிசையாக நிற்கும், அதில் கொடி ஏறியிருக்கும், நடுவில் வாய்க்காலில் எப்போதும் தண்ணீர் நிற்கும். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளுகுளுவென்று இருட்டு. தவளைக்கும் ஓணானுக்கும் அதைவிட நல்ல இடம் இல்லை. ஆகவே பச்சைப் பாம்புக்கும் இல்லை. வெற்றிலை கிள்ளும் விரல், எது இலை எது பாம்பு என்று தெரியாமல்தான் உள்ளே போய் வரும். கண்ணைக் கொத்தும் என்று ஊரெல்லாம் பயப்படும் பாம்பு. கொடிக்கால்காரர்கள் அதை விரலால் நகர்த்திவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அதுவும் ஹாக்நோஸ் மாதிரியே பின்பல் பாம்பு. மூக்கும் நீண்டிருக்கும், ஆனால் கூராக.

திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது அக்கா மகன் தன் கட்சியை எடுத்து வைத்தான். கூடவே, நேர்மையான பையன், ஒரு போட்டோவும் காட்டினான். ஹாக்நோஸ் கடித்த ஒருவரின் கை. விரல் தெரியாமல் மணிக்கட்டு வரை வீங்கி, நீலம் பாய்ந்து, கொப்புளம் கட்டியிருந்தது. “ஆயிரத்துல ஒருத்தருக்கு அலர்ஜியாகும் தாத்தா, மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகாது” என்றான். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியம்மா ‘சிவசிவா’ என்றாள். பெரியப்பா மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போட்டோவை நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

“எம்புட்டு நேரம் விடாமப் பிடிச்சிருந்துச்சாம்?”

அவனுக்குப் பதில் தெரியவில்லை. அப்படி ஒரு கேள்வியை அவன் எதிர்பார்க்கவே இல்லை. நானும்தான்.

“பச்சைப் பாம்பு ஓணானைப் பிடிக்கிறதப் பாத்திருக்கியா? கவ்வுன உடனே முழுங்காது. கழுத்தைக் கவ்விக்கிட்டு அப்படியே தொங்கும். மெல்லும். ஓணான் கால உதறிக்கிட்டே இருக்கும், கொஞ்ச நேரத்துல துவண்டுரும். அப்பறந்தான் உள்ள போகும். அதுக்குப் பல்லு பின்னாடி இருக்கு. கொத்திட்டு ஓடுனா ஒண்ணும் ஏறாது. மென்னாத்தான் ஏறும். என்னைய ஒருக்கா சுண்டுவிரல்ல பிடிச்சிருச்சு. வெடுக்குன்னு இழுத்தா அது பல்லு ஒடியும்னு நான் பாட்டுக்கு விட்டுட்டேன். ரெண்டு நாளைக்கு விரல் மதமதன்னு இருந்துச்சு. மத்த தடவையெல்லாம் உதறிவிட்ருவேன், எறும்புக்கடிதான்.”

பாம்பின் பல் ஒடியக்கூடாது என்று விரலைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த மனிதர்! அதைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும். இங்கே எனக்கு முக்கியம் அவர் கேட்ட கேள்வி. ஊருக்குத் திரும்பி ஹாக்நோஸ் கடியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தபோது அவர் விரல் வைத்த இடம் சரியாகவே இருந்தது. மோசமாக வீங்கிய கடிகள் அநேகமாக எல்லாம் ஒரே மாதிரி நடந்தவை. எலிக்குஞ்சை எடுத்த கையைக் கழுவாமல் பெட்டிக்குள் விடுகிறார்கள். பாம்பு மனிதனைக் கடிக்கவில்லை. எலி வாசம் வீசும் ஒன்றை இரையென்று கவ்வுகிறது. இரையை யார் விடுவார்கள்? நிமிடக்கணக்கில் மென்றுகொண்டே இருக்கிறது. வளர்ப்பவரும் ‘விஷமில்லை’ என்ற நம்பிக்கையில், பாம்புக்கு அடிபடக் கூடாதென்று, விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மேற்கத்திய ஹாக்நோஸ் கடித்து ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துபோன நிகழ்வு முதல்முறையாக 2019-இல் டாக்சிகான் என்ற ஆய்விதழில் வந்தது. டெங்குவில் குறைகிறதே, அதே தட்டணுக்கள். இதற்கு விஷமுறிவு மருந்தும் கிடையாது. பெரும்பாலும் தேவைப்படுவதும் இல்லை.

பயந்துபோய்க் கடிக்கும் ஹாக்நோஸ் அபூர்வம். அதற்குத்தான் செத்துப்போகத் தெரியுமே. ஆபத்து அதன் கோபத்தில் இல்லை, பசியில் இருக்கிறது. “இந்தப் பாம்பு ஆபத்தா?” என்ற கேள்வி பாம்பை மட்டும் பார்க்கிறது. “எவ்வளவு நேரம் பிடித்திருந்தது?” என்ற கேள்வி பாம்பு, பல், கை, கையின் வாசம், கைக்குச் சொந்தக்காரர் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்பது வரை எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது.

ஒண்ணும் ஆகாதவர்கள்

பெரியப்பா ஊரில் முன்பு பாம்புக்கடிக்குப் பார்வை பார்க்கிற ஒருவர் இருந்தார். கடிபட்டவருக்கு வேப்பிலையையும் சிறியாநங்கையையும் மெல்லக் கொடுப்பார். கசப்புத் தெரிகிறதா என்று கேட்பார். மந்திரிப்பார். ஏகப்பட்ட பேர் பிழைத்திருக்கிறார்கள். ஊரில் அவருக்கு அப்படி ஒரு மரியாதை. ஏன் பிழைத்தார்கள் என்பதில் மந்திரம் எதுவும் இல்லை. வயலிலும் கண்மாயிலும் கடிப்பதில் பெரும்பகுதி தண்ணீர்ப் பாம்பும் சாரையும். நல்ல பாம்பே கடித்தாலும் சில சமயம் விஷத்தை இறக்காமல் வெறும் பல்லை மட்டும் பதித்துவிட்டுப் போகும். அவரிடம் வந்தவர்களில் பலருக்கு வேப்பிலை கொடுக்காவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஒன்று ஆகியிருக்க வேண்டியவர்கள் திரும்பி வந்து சாட்சி சொல்லவில்லை.

அக்கா மகன் காட்டும் வீடியோக்களில் ஹாக்நோஸை வளர்க்கும் அமெரிக்கர்கள் சொல்வது இதே சாட்சியம். என்னைக் கடித்தது, ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. பார்வை பார்த்தவரும் சொல்லவில்லை. இரண்டு பேரும் கடியை எண்ணுகிறார்கள், கடித்த விதத்தை எண்ணவில்லை. ஆங்கிலம், கேமரா, கண்ணாடிப் பெட்டி, சூடேற்றும் விளக்கு எல்லாம் இருந்தும் பேச்சின் அச்சு எங்கள் ஊர்ப் பேச்சுதான் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

படித்தவர்களும் இதற்கு விலக்கில்லை. பின்பல் பாம்புகளை மொத்தமாக ஒரே பெட்டியில் போட்டு, பெரிதாக ஒன்றும் செய்யாது என்று நம்பிய காலம் இருந்தது. கார்ல் ஷ்மிட் சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தில் பாம்புகளைக் கரைத்துக் குடித்தவர். 1957 செப்டம்பரில், இனம் கண்டு சொல்லும்படி அனுப்பப்பட்ட பூம்ஸ்லாங் என்ற ஆப்பிரிக்க மரப்பாம்பு அவர் கட்டைவிரலில் கடித்தது. சிறிய பாம்பு, ஒரே ஒரு பின்பல்தான் பதிந்தது. அவர் மருத்துவமனைக்குப் போகவில்லை. ரயிலேறி வீட்டுக்குப் போய், குமட்டல், ஈறில் ரத்தம் என்று தனக்கு நடப்பதை வரிசையாகக் குறித்துக்கொண்டு வந்தார். மறுநாள் இறந்துபோனார். 1975-இல் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் மெர்ட்டன்ஸ், தான் வளர்த்த ஆப்பிரிக்கக் கொடிப்பாம்பு கடித்து, 18 நாள் கிடந்து இறந்தார். அதுவும் பின்பல்தான், இரை கொடுக்கும்போதுதான். ஹாக்நோஸ் பூம்ஸ்லாங் ஆகிவிடாது. அதைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துவது அயோக்கியத்தனம். ‘பின்பல்தானே’ என்ற சமாதானம் எதையும் சொல்வதில்லை என்பதற்காக மட்டும் இதை எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் பயம் எப்படி எப்படியோ பங்கு பிரிந்திருக்கிறது. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தில் ஏறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்த்த பிறகுதான் இறங்கும் என்பார்கள். அதற்கு மனிதனைக் கொல்லும் விஷம் கிடையாது. பல்லியும் தவளையும் தேடி மரமேறும் ஒல்லிப் பாம்பு. அதை அடித்துக் கொல்ல ஒரு தெருவே திரளும். அதே தெருவில் ராத்திரி தரையில் கோரைப்பாயைப் போட்டுப் படுப்பார்கள். கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். அது கடித்தால் பலருக்கு வலியே தெரியாது, வீக்கமும் இருக்காது. பெரியப்பா தெருவில் ஒருவர் விடியற்காலை வயிற்றுவலி என்று எழுந்தார். கஷாயம் கொடுத்தார்கள். கண்ணிமை தொங்க ஆரம்பித்த பிறகுதான் யாருக்கோ சந்தேகம் தட்டி வண்டியைக் கூப்பிட்டார்கள். அவர் பிழைத்தது விஷமுறிவு ஊசியாலும், மூச்சுக் கருவியை மாட்டி விடிய விடிய உட்கார்ந்திருந்த மருத்துவர்களாலும்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியில் இறந்திருப்பார்கள் என்று 2020-இல் ஒரு ஆய்வு கணக்கிட்டது. வருஷத்துக்குச் சராசரி 58,000. பெரும்பாலும் கிராமத்துக்காரர்கள். நம் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்துக்கு எதிராகச் செய்யப்படுவது. அதற்கான விஷத்தை 1978-இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கிறது. அந்த இருளர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற ஆணை தமிழ்நாட்டில் வந்ததே 2024 நவம்பரில்தான். பாம்பு கடித்தால் கீறாதே, கட்டாதே, உறிஞ்சாதே, அசைக்காமல் 108-ஐக் கூப்பிடு என்பதை நான் இங்கே சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெரிந்தும் கயிற்றைத் தேடுகிறோம் என்பது வேறு விஷயம்.

இவ்வளவும் சொன்னபோது அக்கா மகன் ஒன்று கேட்டான். “அப்ப ஹாக்நோஸ் நம்ம ஊர் ஓணான் மாதிரி சாதுதானே மாமா?” கைகழுவி, இடுக்கியால் இரை கொடுத்து, கவ்வினால் உடனே விடுவிக்கத் தெரிந்தவனுக்குக் கிட்டத்தட்ட ஆமாம் என்றேன். ஆபத்து என்று சொல்லி அவனைத் தடுக்க எனக்கு மனசில்லை, அது உண்மையுமில்லை. எனக்குச் சங்கடம் வேறு இடத்தில். நம் காட்டுப் பாம்பைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டுப் பாம்பு எப்படி வருகிறது என்பதற்கு 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் பார்த்தோமே, கோலாலம்பூரிலிருந்து வந்த ஒருவரின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள். பைகளிலும் டப்பாக்களிலும் அடைத்து வைத்தவை. நான் விசாரித்த ஒரு விற்பனையாளர் ‘பேப்பரெல்லாம் பக்காவா இருக்கு சார்’ என்றார்; எந்தப் பேப்பர் என்று கேட்டதும் லைன் கிடைக்காமல் போய்விட்டது. மணலைத் தோண்டித் தேரை பிடிக்கப் பிறந்த ஒன்று நரிமேட்டு மே மாத வெயிலில், மின்வெட்டில், கண்ணாடிப் பெட்டியில் என்ன பாடுபடும் என்பதை அவனும் யோசித்துத்தான் வைத்திருந்தான். அதற்கு ஒரு சின்ன ஏசி யூனிட் வரை விலை பார்த்திருந்தான்.

கடைசியில் அதை நிறுத்தியது சட்டமும் இல்லை, பெரியப்பாவும் இல்லை. இரைக்கு உறைய வைத்த எலிக்குஞ்சுகளைப் பாக்கெட்டாக வாங்கி ஃப்ரீசரில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை அவன் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டான். அக்கா வீட்டு ஃப்ரிட்ஜ் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். ஃப்ரீசரில் பட்டாணியும் துருவிய தேங்காயும் இருக்கும், அதற்கு நேர் கீழே இட்லி மாவு. விஷத்துக்கு அலறிய குரலைவிடப் பெரிய குரலில் அவள் அலறியது கீழ்வீட்டுக்காரர் வரை கேட்டது. பாம்பு வரும் சங்கதி அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

இப்போது ஆப்பிரிக்க மலைப்பாம்பில் ஒரு சின்ன வகை இருக்கிறதாம். ரொம்பச் சாது, பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். “அதுக்கு விஷமே கிடையாதும்மா” என்று தொடங்கினான்.

“அதுவும் எலிதானே திங்கும்?” என்றாள் அக்கா.